மூன்றடிக்குள் இருந்த சாவி

ஜூன் 3, செவ்வாய்

காலை 5.25க்கு மகள் கவிநயாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிவிட்டது. இனி வாரத்தில் ஆறு நாள் ஈரோட்டில் காலை ஆறு மணிக்குச் சிறப்புப் பயிற்சி. வாய்க்கால் கரைச் சாலை வழியே சென்றால் எங்கள் வீட்டிலிருந்து இருபத்திரண்டு நிமிடம். வண்டியில் அவள் உறங்குவதேயில்லை. புத்தகத்தை மடியில் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடியே வருகிறாள். "முன்னால் பார்" என்றேன். "பாத்துட்டுத்தான்பா இருக்கறேன்" என்றாள்.

செங்கல் சூளையை அடுத்த வளைவில் விளையாட்டாக ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். ஓடும் வண்டியில் ஓட்டுபவரின் கையைத் தொடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை எடுத்துச் சொல்லிக் கண்டித்தேன். வகுப்பு வாசல் வரை அழுதுகொண்டே வந்தாள். பதினேழு வயதில் இவ்வளவு தொட்டாற்சிணுங்கியாக இருப்பது நல்லதல்ல.

இன்று அந்தச் செங்கல் சூளையைக் கடந்தது என் நினைவில் இல்லை. அலுவலகச் சிந்தனையாக இருக்கலாம்.

ஜூன் 4, புதன்

வண்டிச் சாவியைக் காணவில்லை.

வாசலை ஒட்டிய சுவரில் நான்கு கொக்கிகள் உள்ளன. மூன்றாவது வண்டிச் சாவிக்கு உரியது. ஒவ்வொன்றின் மேலும் என் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறேன். நேற்று மாலை 6.40க்கு மாட்டினேன் என்பதில் ஐயமில்லை. இன்று காலை 5.15க்குக் கொக்கி வெறுமையாக இருந்தது.

மாற்றுச் சாவி இல்லை. மூன்றாண்டுகளுக்கு முன் இந்த வண்டியைச் சேலத்து மருத்துவர் ஒருவரிடமிருந்து வாங்கியபோதே, இரண்டாவது சாவியைப் பிறகு அனுப்புவதாகச் சொன்னார், வரவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கடைத் தராசுகளையும் பெட்ரோல் குழாய்களையும் சோதித்து முத்திரையிட்டு வரும் ஆய்வாளன் நான். ஒற்றைச் சாவியோடு வண்டி வாங்கியது என் வாழ்வின் சில விதிவிலக்குகளில் ஒன்று.

அலமாரி, சட்டைப் பைகள், காலணிப் பெட்டி, குப்பைக் கூடை எல்லாம் பார்த்தாயிற்று. என் மனைவி கலாமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வெச்ச எடத்துலதான் இருக்குமுங்க. பதட்டப்படாமத் தேடுங்க" என்றாள். அவள் எழுந்து தேடவில்லை.

ஜூன் 5, வியாழன்

கவிநயாவும் நானும் நகரப் பேருந்தில் சென்றோம். ஏறி அமர்ந்ததும் என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். மாதக்கணக்கில் உறங்காதவள்போல உறங்கினாள். இறங்க வேண்டிய இடத்தில் எழுப்பவே மனம் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

ஒரு விந்தை. மாலையில் வண்டியின் துணியுறையை விலக்கி, சாவி உள்ளே கிடக்கிறதா என்று கண்ணாடி வழியே பார்த்தபடி நின்றேன். கொடியில் துணி உலர்த்த வாளியோடு வந்த கலாமணி என்னருகே நின்று, "இன்னுமாங்க தேடறீங்க?" என்றாள். பழக்க வேகத்தில் கதவுப் பிடியின் பொத்தானை அழுத்தினேன். பூட்டு திறந்தது. பக்கக் கண்ணாடிகள் விரிந்தன. மஞ்சள் விளக்குகள் இருமுறை மின்னின.

கலாமணி வாளியை எடுத்துக்கொண்டு விரைந்து உள்ளே போய்விட்டாள். துணிகள் உலர்த்தப்படவில்லை.

நான் உள்ளே அமர்ந்து, கிளப்பும் பொத்தானை அழுத்தினேன். சாவி காணப்படவில்லை என்று திரையில் எழுத்து ஓடியது. இருக்கைகளின் அடியிலும் சாவி இல்லை. வண்டியின் மின்னமைப்பில் ஏதோ கோளாறு என்று கருதுகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

வண்டி நிறுவனத்தின் பணிமனைக்குச் சென்றேன். இத்தகைய சாவியைத் தெருவோரக் கடையில் வெட்டி வாங்க முடியாதாம். வண்டியின் எண்ணைச் சொல்லித் தொழிற்சாலையிலிருந்து தருவிக்க வேண்டும். தேவையான ஆவணங்கள்: பதிவுச் சான்று, அடையாள அட்டை, சாவி தொலைந்ததற்குக் காவல்துறை தரும் சான்று, உறுதிமொழிப் படிவம். இவ்வளவு கேட்கிறார்கள் என்பது எனக்கு நிறைவளித்தது. கேட்டவருக்கெல்லாம் சாவி செய்து கொடுப்பதாக இருந்தால் பூட்டுக்குப் பொருளே இல்லை.

காவல்துறைச் சான்று பிற்பகலிலேயே கிடைத்தது.

ஜூன் 12, வியாழன்

பவானி சாலையில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஆய்வு. ஐந்து லிட்டர் அளவுக்கலனில் பிடித்துப் பார்க்கும்போது கலன் நிரம்பி வழிந்து தரையெல்லாம் பெட்ரோல் ஆயிற்று. குழாய் பிடித்த ஊழியர் ஈஸ்வரியைக் கடுமையாகக் கண்டித்தேன். அவர் எதிர்த்துப் பேசினார்: "சார், நீங்க கை காட்டுனாத்தானுங்களே நான் நிறுத்தோணும்? மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறேன், நீங்க எங்கியோ பாத்துட்டு நிக்கறீங்க. வாய வேற மென்னுட்டே இருந்தீங்க."

நான் எதையும் மென்றுகொண்டிருக்கவில்லை. ஆய்வு நேரத்தில் வெற்றிலை பாக்குக்கூடப் போடுவதில்லை.

ஜூன் 14, சனி

பணிமனையிலிருந்து இம்தியாஸ் என்ற தொழில்நுட்பர் வீட்டுக்கு வந்து, வண்டியின் எண்ணைச் சரிபார்த்துப் படமெடுத்தார். முப்பது வயதிருக்கும், கலகலப்பானவர், பொறுமையாக விளக்கினார். கலாமணி அவருக்கு மோர் கொடுத்துவிட்டு, எனக்கான தம்ளரைக் கையில் வைத்தபடி, வழக்கத்துக்கு மாறாக அங்கேயே நின்று கேட்டாள்.

"பழைய சாவி மாதிரி பல்லு வெட்டுறதுல இல்லைங்க சார் விஷயம். சாவிக்குள்ள சின்னதா ஒரு சில்லு இருக்கு. பொத்தானை அமுக்குனதும் வண்டி ஒரு கேள்வி கேக்கும். சாவி பதில் சொல்லோணும். ஒவ்வொரு தடவையும் வேற கேள்வி. நேத்து சொன்ன பதிலை எவனாச்சும் ஒட்டுக்கேட்டு இன்னைக்குச் சொன்னான்னா வண்டி அசையாது."

"சாவி எவ்வளவு அருகில் இருக்க வேண்டும்?"

"கதவு தொறக்க மூணடி. நீங்க கையில புடிக்கோணும்னுகூட இல்ல. பக்கத்துல நிக்கறவங்க பையில இருந்தாலும் போதும்."

கலாமணி குறுக்கிட்டாள். "ஏனுங்க தம்பி, சாவி எங்கியோ வீட்டுக்குள்ள கெடந்துச்சுன்னு வெய்ங்க. வண்டிக்குத் தெரியாம இருக்குமுங்களா?"

"தகர டப்பாக்குள்ள போட்டு இறுக்கி மூடிட்டா, வண்டி மேலயே வெச்சாலும் தெரியாதுங்கக்கா. திருடனுக்குப் பயந்து சில பேரு அப்படித்தான் வெக்கறாங்க."

நான் ஒன்று கேட்டேன்: சாவியை ஏந்தியிருப்பவர் யார், அவர் ஓட்டத் தகுந்தவரா என்று வண்டி சோதிக்காதா?

இம்தியாஸ் சிரித்தார். "அதெப்படிங்க சார் தெரியும்? சாவி சரியா இருந்தாச் சரி. ஓட்டறவரு பாதி வழியில நெனப்பு தப்பிப் போனாக்கூட அது பாட்டுக்குப் போயிட்டேதான் இருக்கும்."

கலாமணியின் கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்தது. மோர் என் செருப்பில் தெறித்தது.

ஒன்பதாம் தேதி வண்டியின் கதவு திறந்தபோது மூன்றடிக்குள் இருந்தவை: ஒரு வாளி, ஈரத் துணிகள், கலாமணி. இந்தப் பட்டியலை இத்துடன் நிறுத்துகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

சமையலறைப் பரணில் பழைய முறுக்கு டப்பா இருந்தது. மூடி இறுக்கமானது, தகரத்தாலானது. இன்று அது அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது. தண்ணீர் குடிக்கப் போனபோது கண்டேன்.

கடைகளில் ஐயம் எழுந்தால் எந்தப் பெட்டியையும் திறந்து காட்டச் சொல்லும் அதிகாரம் எனக்கு உண்டு. இந்த டப்பாவை நான் திறக்கவில்லை. திறந்தால் ஏன் என்று கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள்.

ஜூன் 17, செவ்வாய்

இளநிலை உதவியாளர் ஆய்வுப் பதிவேட்டில் வெள்ளை மை பூசி ஒரு எண்ணை மாற்றியிருந்தார். வரவழைத்துக் கண்டித்தேன். பதிவேட்டில் எதையும் மறைக்கலாகாது. பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்து, அடியில் இருப்பது படிக்கும்படி விட்டு, அருகே சரியானதை எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். முக்கியமான திருத்தமென்றால் உடனிருந்தவரின் சாட்சிக் கையொப்பமும் வேண்டும். பிழை நேர்வது குற்றமல்ல என்றும், பூசி மறைப்பதே குற்றம் என்றும் சொன்னேன்.

ஜூன் 18, புதன்

என் ஓட்டுநர் உரிமம் அடுத்த மாதம் பத்தாம் தேதி முடிகிறது. புதுப்பிப்பதற்கான படிவங்களை நிரப்பினேன். உடற்தகுதி குறித்த உறுதிமொழியின் முதல் கேள்வி, வலிப்போ திடீர் நினைவிழப்போ தலைசுற்றலோ உண்டா என்பது. மற்ற எல்லாவற்றுக்கும் விடை எழுதிவிட்டேன். முதல் கேள்வியைப் பிறகு நிரப்பலாம் என்று விட்டிருக்கிறேன்.

ஜூன் 21, சனி

காலையில் எனக்கு வைத்த காபி ஆறிப்போயிருந்தது. ஏன் ஆறிய காபியைத் தருகிறாய் என்று கேட்டதற்குக் கலாமணி என் சட்டையைச் சுட்டிக்காட்டினாள். அதில் காபிக் கறை இருந்தது. பிறகு, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றாள். இந்த ஆண்டில் இவ்வாறு சொல்வது மூன்றாம் முறை. ஐம்பது வயதில் அசதி இயல்பு. அவளுக்கு எப்போதும் வீண் கவலை.

ஜூன் 24, செவ்வாய்

இன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காலை 10.30க்கு இம்தியாஸ் புதுச் சாவியுடன் வந்தார். ஒரு மடிக்கணினியை வடத்தால் வண்டியோடு இணைத்தார். பதியும் நேரத்தில் எந்தெந்தச் சாவிகள் வண்டிக்குள் இருக்கின்றனவோ அவற்றை மட்டுமே வண்டி இனி அறியும் என்றார். "பழசு எவன் கையில இருந்தாலும் இன்னியோட செத்துரும் சார். அதோட ஞாபகத்துலயே இருக்காது. நீங்க நிம்மதியாத் தூங்கலாம்." இதைச் சொல்லிவிட்டு உறுதிமொழிப் படிவத்தை நீட்டினார்.

நான் எதையும் படிக்காமல் கையொப்பமிடுவதில்லை. நான்காம் வரி: 'மேற்படி வாகனத்தின் எந்தச் சாவியும் என் வசமோ என் குடும்பத்தார் வசமோ இல்லை என உறுதி கூறுகிறேன்.'

கலாமணி சமையலறைச் சன்னலில் நின்றிருந்தாள். நான் கையொப்பமிட்டிருந்தால் அவளிடம் உள்ளது வெறும் பிளாஸ்டிக் துண்டாகியிருக்கும். நாளைக் காலை 5.25க்கு நான் வண்டியை எடுத்திருப்பேன். சன்னல் கம்பியைப் பிடித்தபடி அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனாவை மூடினேன். "இதில் நான் கையொப்பமிட முடியாது" என்றேன்.

"ஏனுங்க சார், பேருல ஏதாச்சும் தப்பா அடிச்சுட்டாங்களா?"

"பழைய சாவி தொலையவில்லை. வீட்டில்தான் இருக்கிறது."

இம்தியாஸ் என்னைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். சிறிது நேரத்தில் கலாமணி வெளியே வந்தாள். முறுக்கு டப்பாவை வண்டியின் முன்மூடிமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே ஒரு கைக்குட்டை, அதனுள் சாவி.

"அட, முறுக்குதான் குடுக்கறீங்கன்னு நெனச்சேனுங்கக்கா" என்று சிரித்தவர், எங்கள் முகங்களைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "கெடச்சுதே, அதுவே பெருசு. ரெண்டையும் பதிஞ்சுர்றேனுங்க" என்றார். நான்காம் வரியை நான் ஒற்றைக் கோட்டால் அடித்து, 'ஒரு சாவி வீட்டில் கண்டெடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். இரண்டு சாவிகளும் பதியப்பட்டன. காவல்துறைச் சான்றை ரத்துசெய்யுமாறு நாளை விண்ணப்பிக்க வேண்டும்.

அவர் சென்றபின் கலாமணியைக் கேட்டேன். இருபது நாள் கேட்காமல் இருந்ததைக் கேட்டேன்.

"ஏன் எடுத்தாய்?"

"வேற என்னத்தைங்க நான் பண்றது? சொன்னாக் கேட்டீங்களா? மூணு தடவை சொல்லியாச்சு. அசதிங்கறீங்க, வீண் கவலைங்கறீங்க." அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. "நான் சாவிய எடுத்த அன்னிக்கி புள்ள வீட்டுக்கு வந்து என்ன சொல்லுச்சுன்னு தெரியுமுங்களா? 'அம்மா, நான் முழிச்சுட்டு இருக்கறவரைக்கும் பயமில்லம்மா, நான் பாத்துக்குவேன்'னுச்சு. பன்னெண்டாவது படிக்கற புள்ளைங்க. அது படிக்குமா, உங்களைப் பாத்துட்டு உக்காந்திருக்குமா?"

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"உங்க சாவிய ஒளிச்சு வெக்கோணும்னு எனக்கு என்ன ஆசைங்களா? கல்யாணமாகி இருவது வருசத்துல உங்க சட்டைப் பையில கை வெச்சிருப்பனா?"

பிறகு உள்ளே போய்ச் சமையலறைக் காலண்டரை எடுத்துவந்தாள். பிப்ரவரி முதல் சில தேதிகளின் ஓரத்தில் பென்சிலால் சிறு புள்ளிகள் இருந்தன. மொத்தம் எட்டு.

"இதெல்லாம் நான் கண்ணால பாத்தது. பேசிட்டே இருப்பீங்க, நின்னுரும். கண்ணு தொறந்தே இருக்கும். வாய் மட்டும் மெல்லும். ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம். அப்புறம் ஒண்ணுமே நடக்காதமாதிரி பேசுவீங்க. நான் பாக்காதது எத்தனையோ."

சாவிகள் இரண்டையும் அவள் டப்பாவிலேயே போட்டு மூடினாள். நான் தடுக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

காலண்டரையும் இந்த நாட்குறிப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன். எட்டுப் புள்ளிகளில் ஆறு நாள்களின் பதிவுகளில் என் கைப்படவே ஏதோ ஒன்று இருக்கிறது. 'கூட்டத்தின் பிற்பகுதி சரியாகக் கேட்கவில்லை.' 'காபி ஆறிப்போயிருந்தது.' 'மைல்கல் ஒன்றைத் தவறவிட்டேன். அதை அகற்றிவிட்டார்கள் போலும்.'

நானும் எழுதித்தான் வைத்திருக்கிறேன். என்ன எழுதுகிறேன் என்று தெரியாமலே எழுதியிருக்கிறேன் என்று சொன்னால், அதுவும் முழு உண்மையாகாது.

ஜூன் 28, சனி

கோவையில் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். தலையில் கம்பிகள் ஒட்டி அரை மணி நேரம் படுக்கவைத்து அலைகளைப் பதிவுசெய்தார்கள். விழாமலும் துடிக்காமலும் வரும் வலிப்பு வகை ஒன்று இருக்கிறதாம். வருபவருக்குத் தெரியாது, எதிரில் இருப்பவருக்கே தெரியும். அதனால் எதிரில் இருப்பவர் சொல்வதைத்தான் மருத்துவர்கள் முதலில் கேட்பார்களாம். மருத்துவர் என்னைவிடக் கலாமணியிடமே நெடுநேரம் பேசினார். காலண்டரை வாங்கித் தேதி தேதியாகக் குறித்துக்கொண்டார்.

மாத்திரை இரு வேளை. மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும்வரை வாகனம் ஓட்டக்கூடாது. எத்தனை மாதம் என்று கேட்டேன். "இப்ப மாசக் கணக்குப் பேச வேண்டாமே" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

படிவத்தின் முதல் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். இவ்விடையுடன் உரிமம் புதுப்பிக்கப்படாது என்பதை அறிவேன். ஆகவே சமர்ப்பிக்கவில்லை. எனினும் அந்தக் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பிழை வரம்பைத் தாண்டிய தராசை எத்தனை கடைகளில் நிராகரித்திருக்கிறேன். பழுது நீக்கிக் கொண்டுவந்தால் மீண்டும் சோதிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வருவேன். அதைக் கேட்டு நிற்பவரின் முகத்தை இதுவரை நான் கவனித்ததில்லை.

மாலையில் ஈஸ்வரியைத் தேடிச் சென்று, அன்று பெட்ரோல் வழிந்தது அவர் தவறல்ல என்று மேலாளர் முன்னிலையில் சொன்னேன். "பரவால்லீங்க சார். ஒடம்பு இப்பத் தேவலீங்களா?" என்று கேட்டார். அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

ஜூலை 5, சனி

திருத்தம்.

ஜூன் 3ஆம் தேதிப் பதிவில், 'விளையாட்டாக ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள்' என்ற வாக்கியத்தை ஒற்றைக் கோட்டால் அடித்துள்ளேன். அடியில் இருப்பதைப் படிக்கலாம். கவிநயா அன்று தன் அம்மாவிடம் சொன்னபடி, அதற்குப் பதிலாகக் கீழ்க்கண்டவாறு கொள்ளவும்:

'செங்கல் சூளையை அடுத்த வளைவில் வண்டி திரும்பாமல் வாய்க்காலை நோக்கி நேரே சென்றது. ஓட்டிய நான் நினைவின்றி இருந்தேன். கவிநயா ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியைச் சாலைக்குத் திருப்பினாள். நினைவு மீண்டதும் அவளைக் கண்டித்தேன். அவள் அழுததற்குக் காரணம் அதுவே.'

தேதியிட்டுக் கையொப்பமிட்டேன். பிறகு கவிநயாவை அழைத்துப் படிக்கக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள்.

"சாட்சிக் கையெழுத்து வேணுமாப்பா?"

"வேண்டும். உடனிருந்தவள் நீ ஒருத்திதான்."

பேனாவை வாங்கினாள், கையொப்பமிடவில்லை. "ஒண்ணு விட்டுட்டீங்க. தொடறதுக்கு முன்னாடி நான் உங்களைக் கூப்புட்டேன். அப்பா, அப்பான்னு மூணு தடவை கத்துனேன்."

"எனக்குக் கேட்கவில்லை, கண்ணு."

"தெரியும்பா. ஆனா எழுதோணுமில்ல?"

'மூன்று முறை அழைத்தாள்' என்று சேர்த்தேன். அதன் பின்னரே கையொப்பமிட்டாள்.